பழைய முரசின் வயது

பழம்பொருள் ஒன்றன் வயதை எங்ஙனம் அறிவது? திருவண்ணாமலையில் மலைவலம் வருவோர் அடி அண்ணாமலையைக் கடந்து, மீண்டும் அண்ணாமலையார் கோயிலை அடைவர். அங்கே வானளாவி நிற்கும் கீழைக் கோபுரத்தின் உயரம் 217 அடி. அதன் காலத்தை அறிஞர் ஊகத்தால் மட்டும் கூறினாரல்லர். கிருஷ்ணதேவராயரின் திருப்பணிகளுள் பதினொரு நிலைக் கோபுரத்தையும் ஒன்றாக அக்கோயிற் கல்வெட்டு உரைக்கின்றது. அம்மன்னர் ஆண்டது 1509 முதல் 1529 வரை. ஆகவே, கோபுரப் பணி தொடங்கியது அக்காலத்தே என்று துணிகின்றோம்.

சான்று கொண்டு காலம் அறியும் இம்முறை இசைக்கருவிகளுக்கும் பொருந்தும். மேலை இசைக்குரிய டிரம் தொகுதியை நம் ஊர் இசைமேடைகளில் நீங்கள் கண்டிருப்பீர்கள். காலால் மிதித்து ஒலிப்பிக்கும் பெரிய முரசும், கம்பிகள் அதிரும் சிறு முரசும், இடைமுரசுகளும், வெண்கலத் தட்டுகளும் சேர்ந்ததே அத்தொகுதி. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் ஜப்பானியர் இவற்றைப் பெருவாரியாகச் செய்து அயல்நாடுகளுக்கு அனுப்பினர். அவற்றுள் பழையது ஒன்று கிடைப்பின், அது பிறந்த காலத்தை அறிவது எவ்வாறு?

முதற்கண் பெயர்த்தகட்டை நோக்குதல் வேண்டும். முரசின் பக்கத்திலுள்ள காற்றுத் துளையைச் சுற்றி அது பெரும்பாலும் பொருத்தப்பட்டிருக்கும். பேர்ல் நிறுவனம் 1946இல் இசையேடு தாங்கிகள் செய்யும் தொழிலாகத் தொடங்கியது. முரசுகளைச் செய்தது அதன் பின்னரே. யமஹா நிறுவனம் 1967இல் டிரம் செய்யத் தொடங்கியது. ஹோஷினோ நிறுவனத்தார் ‘ஸ்டார்’ என்னும் பெயரால் விற்றுவந்த தம் முரசுகளுக்கு 1974இல் ‘டாமா’ என்று பெயர் சூட்டினர். எனவே, டாமா என்னும் தகட்டோடு பிறந்த முரசு 1974க்கு முற்பட்டதன்று.

எனினும், தகடு ஒன்றையே நம்புதல் தகாது. 1960களில் ஒரே தொழிற்சாலையில் செய்த முரசுகள், அவற்றை வாங்கி விற்ற அயல்நாட்டு வணிகர் விரும்பிய பற்பல பெயர்களைத் தாங்கிச் சென்றன. ஆதலின், முரசின் உட்புறத்தையும் பார்த்தல் வேண்டும். நம் மிருதங்கத்தின் கட்டை ஒரே மரத்துண்டைக் குடைந்து செய்யப்படுவது. அக்கால ஜப்பானிய முரசின் கூடோ, மெல்லிய மரத்தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வளைத்தது. விலை குறைந்தவற்றில் லுவான் என்னும் தென்கிழக்காசிய மரம் மிகுதியும் பயன்பட்டது. விளிம்பு வலுப்பெறும் பொருட்டு உள்ளே மரவளையமும் வைத்தனர். திருகாணிகளைத் தாங்கும் உலோகப் பிடிகளின் வடிவமும் ஒரு சான்றாகும். பெயர் வேறாயினும் பிடியும் மரமும் ஒத்திருப்பின், அவை ஒரே பட்டறையில் பிறந்தவையாகலாம்.

முரசின் முகத்தில் போர்த்தியதைக் கொண்டு வயது கூறலாமா? கூறலாகாது. விலங்கின் தோலுக்கு மாற்றாகப் பிளாஸ்டிக் தோல் சந்தைக்கு வந்தது 1957ஆம் ஆண்டளவில். ஆனால் தோல் கிழியுந்தோறும் மாற்றப்படுவது. முதியவர் புத்தாடை உடுத்தினால் இளைஞர் ஆவரோ? பொறித்த எண்ணும் அவ்வாறே. எந்த எண் எந்த ஆண்டுக்கு உரியது என்னும் பதிவு கிடைத்தாலன்றி, அவ்வெண் தனித்து யாதும் உணர்த்தாது.

இவ்வாறு சான்றுகள் பலவற்றையும் ஒப்புநோக்கி, இன்ன ஆண்டுக்கும் இன்ன ஆண்டுக்கும் இடைப்பட்டது என்று அளவாக உரைப்பதே நேர்மையாகும். விலையை உயர்த்தக் கருதி வயதைக் கூட்டிச் சொல்வது வாங்குவோரை வஞ்சிப்பதாகும்.

பழைய முரசைப் பெற்றோர் உடனே அதனைச் சுரண்டி வண்ணம் பூசுதலும் கூடாது. தமிழ்நாட்டுக் கோயில்கள் சிலவற்றில், தூய்மை செய்யும் நோக்குடன் சுவர்மீது மணலை விசையோடு பாய்ச்சியமையால் கல்வெட்டெழுத்துகள் தேய்ந்து போயின. தகட்டைக் கழற்றி எறிந்து, கூட்டின்மேல் புதுப்பூச்சிடுவதும் அத்தகைய செயலே. அழுக்கைப் பின்னரும் நீக்கலாம். அழிந்த சான்றை மீட்டல் அரிது.