மல் கரவலா: சாதி மாறிய ஒரு பாம்பு

தெனியாயப் பக்கம் எங்கட மச்சானுக்குச் சிறியதொரு தேயிலைத் தோட்டம் இருக்கிறது. வேலியைத் தாண்டினால் சிங்கராஜக் காட்டின் ஓரம். மழை விட்ட ஒரு பின்னேரம், கானுக்குள் ஒரு பாம்பு கிடப்பதாக அங்கு வேலை செய்யும் சிங்களப் பெரியவர் கூப்பிட்டார். ஒன்றரை அடிதான் இருக்கும். மண்ணிறத்தோடு பச்சை கலந்த முதுகு, குறுக்கே கறுப்புப் பட்டிகள், பட்டிகளுக்குள் மஞ்சள் புள்ளிகள். கழுத்துப் பக்கம் சற்றுச் செம்மை. "மல் கரவலா" என்றார் பெரியவர். மல் என்றால் பூ, கரவலா என்றால் நாங்கள் கட்டுவிரியன் என்கிற பாம்பு. கடித்தால் எழும்பமாட்டோம் என்பது அவருடைய கணக்கு. மச்சான் சிரித்தார்: "இவர் சும்மா பயங்காட்டுறார். இது விஷமில்லாத சாதி, தவளை புடிச்சித் திண்டுக்கிட்டு ஈக்கும்."

அன்றைக்கு நானும் மச்சான் பக்கம்தான். பிறகு வாசித்துப் பார்த்தபோதுதான் இரண்டு பேருமே பிழை என்று விளங்கியது. அதைச் சரியாக விளங்கிக்கொள்ள, இந்தப் பாம்பு எந்தக் குடும்பத்துப் பிள்ளை என்ற கேள்விக்குப் போக வேண்டியிருந்தது.

நம்முடைய பழைய அறிஞர் அத்தமீரி 14ஆம் நூற்றாண்டில் எழுதிய 'ஹயாத்துல் ஹயவான்' விலங்குகளை அறபு எழுத்து வரிசையில் அடுக்குகிறது. அதனால் பாம்பு ஒரே இடத்தில் இருக்காது. 'ஹய்யா' ஓரிடத்தில், 'அஃப்ஆ' வேறோர் இடத்தில் என்று பெயருக்கேற்பப் பிரிந்து கிடக்கும். தேடி எடுக்க வசதியான முறை. ஆனால் யார் யாருக்குச் சொந்தம் என்று அது சொல்லாது. இன்றைய உயிரியலில் ஒவ்வோர் உயிருக்கும் இரண்டு சொற்களில் பெயர் வைக்கிறார்கள். முதற்சொல் சாதி, இரண்டாவது இனம். (பாடசாலையில் படித்த 'சாதி' இது. ஊர்ப் பேச்சில் வருகிற சாதியோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.) சாதிப் பெயர் என்பது உறவைச் சொல்லும் பெயர்.

நம் பாம்பின் உறவுக் கதை 1858இல் தொடங்குகிறது. பிரித்தானிய நூதனசாலையில் இருந்த அல்பர்ட் குந்தர் இதைத் தனி இனமாகக்கூட எடுக்கவில்லை. தென்கிழக்காசியப் பாம்பொன்றின் இலங்கை வகை என்றே 'சிலோனென்சிஸ்' என்று பெயரிட்டார். எண்பது வருடம் கழித்து, 1938இல், மல்கம் ஸ்மித் இதை வேறாகப் பிரித்து 'பலனோஃபிஸ்' என்றொரு தனிச் சாதியை உண்டாக்கினார். அந்தச் சாதியில் இது ஒன்றுதான் உறுப்பினர். உலகத்தில் வேறெங்கும் இல்லாத பாம்பு, அதற்கென்றே ஒரு சாதி. இயற்கை ஆர்வலர்களுக்கு அதில் ஒரு பெருமை இருந்தது. வாசித்த எனக்கும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

2018இல் ஜப்பான், அமெரிக்கா, இலங்கை முதலிய நாடுகளின் ஆய்வாளர்கள் சேர்ந்து இந்தப் பாம்பினதும் அதன் உறவினங்களினதும் மரபணுக்களை ஒப்பிட்டார்கள். 'ரப்டோஃபிஸ்' என்ற பெரிய ஆசியச் சாதியின் கிளைகளுக்கு உள்ளேதான் பலனோஃபிஸும் வந்து நின்றது. ஒரு குடும்பத்தின் வாரிசுப் பட்டியலை எழுதுகிறோம் என்று வையுங்கள். எல்லாப் பேரப்பிள்ளைகளையும் எழுதிவிட்டு, முகச்சாயல் வேறாக இருக்கிறது என்று ஒரு பிள்ளையை மட்டும் விட்டுவிட்டால் அந்தப் பட்டியல் செல்லாது. அப்படித்தான் இங்கும். பலனோஃபிஸ் என்ற பெயரை எடுத்துவிட்டு, பாம்பை 'ரப்டோஃபிஸ் சிலோனென்சிஸ்' ஆக்கினார்கள். பலபரியா என்று சிங்களத்தில் சொல்லும், தேரை தின்னும் பச்சைப் பாம்பும் அதே ஆய்வில் இந்தச் சாதிக்குள் வந்து சேர்ந்தது. குந்தர் அன்று இதை எந்தப் பாம்பின் வகை என்று நினைத்தாரோ, அந்தப் பாம்பும் இன்று ரப்டோஃபிஸ்தான். மனுஷனுடைய கண் மோசமில்லை.

தனிச் சாதி போய்விட்டது. இனம் இன்னும் இலங்கைக்கே உரியது, அது மாறவில்லை.

இந்தச் சாதிக்கு ஒரு விசித்திரம் உண்டு. பல இனங்களின் கழுத்துத் தோலுக்கடியில் சுரப்பிகள் இருக்கின்றன. அவற்றுக்கு வாயில் கிடையாது. எதிரி கழுத்தைக் கவ்வினால் தோல் கிழிந்து நஞ்சு வெளிவரும். அந்த நஞ்சை ஜப்பானின் 'யமகாகாஷி' என்ற பாம்பு தானே உண்டாக்குவதில்லை, தின்ற தேரைகளிடமிருந்து எடுத்துச் சேமிக்கிறது. தேரையே இல்லாத கின்காசன் தீவில் வாழும் யமகாகாஷிகளின் சுரப்பியில் அந்த நஞ்சு இல்லை என்று 2007இல் காட்டினார்கள். அந்தத் தீவுப் பாம்புகள் எதிரியைக் கண்டால் கழுத்தை வளைத்துக் காட்டுவதை விட ஓடித் தப்பவே பார்க்கின்றன. கையில் ஒன்றுமில்லாதவன் சண்டைக்கு நிற்பானா!

ஆனால் மனிதருக்கு முக்கியமானது வாயில் இருக்கிற விஷம். ரப்டோஃபிஸ் பாம்புகளுக்கு மேல்தாடையின் பின்பக்கம் பெரிய பற்கள் உண்டு. சட்டென்று கொத்திவிட்டுப் போனால் அநேகமாக ஒன்றும் நடக்காது. பிடித்துக்கொண்டு மென்றால் விஷம் இறங்கும். அந்த விஷம் இரத்தம் உறையும் சக்தியைக் கெடுக்கிறது. யமகாகாஷி கடித்து ஜப்பானில் ஆட்கள் மௌத்தாகியிருக்கிறார்கள், அங்கே அதற்கென்று தனி விஷமுறிப்பு மருந்தும் தயாரித்து வைத்திருக்கிறார்கள். நம்முடைய பாம்பு கடித்து இரத்த உறைவு கெட்டுப்போன நோயாளர் பற்றி இலங்கை மருத்துவர்களும் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது தெனியாயவுக்கு வருவோம். பெரியவரைக் கடித்து, அவர் ஆஸ்பத்திரியில் "கரவலா" என்று சொன்னால் என்ன ஆகும்? கட்டுவிரியன் விஷம் நரம்பைத் தாக்குவது. இமை சரிகிறதா, மூச்சுத் திணறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். மச்சான் சொன்னபடி விஷமில்லாதது என்று நம்பினால் ஆஸ்பத்திரிக்கே போகமாட்டார். சில மணித்தியாலம் கழித்து, சிலவேளை அடுத்த நாள், தலையிடியும் முரசிலிருந்து இரத்தமும் வரும். பாம்பையே காணாமல் போயிருந்தால் இன்னொரு சிக்கல். கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் இரத்தம் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்துப் பார்ப்பார்கள். உறையவில்லை என்றால் முதலில் நினைவுக்கு வருவது புடையன். நம் நாட்டில் கொடுக்கும் இந்திய விஷமுறிப்பு மருந்து நல்ல பாம்பு, கட்டுவிரியன், புடையன், சுருட்டை விரியன் ஆகிய நாலுக்கும் உரியது. ரப்டோஃபிஸ் அதில் இல்லை. அந்த மருந்துக்கு ஒவ்வாமை வருவதும் இங்கே அபூர்வமில்லை. பலனில்லாத மருந்தால் ஆபத்தை வாங்கிக்கொள்வதாகிவிடும்.

சாதி மாற்றம் நூதனசாலைக்காரர்களின் வேலை என்று நினைத்திருந்த எனக்கு இது புதிதாக இருந்தது. 'பலனோஃபிஸ்' என்று கேள்விப்படும் ஒரு வைத்தியருக்கு அந்தப் பெயர் ஒன்றுமே சொல்லாது. 'ரப்டோஃபிஸ்' என்றால், ஜப்பானில் இதே சாதிக் கடிக்கு என்ன நடந்தது, எத்தனை மணித்தியாலம் இரத்தத்தைக் கவனித்தார்கள் என்று எடுத்துப் பார்க்கலாம்.

போன நோன்புப் பெருநாளைக்கு மச்சான் வீட்டுக்குப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். பெரியவரும் திண்ணையில் இருந்தார். கடித்தால் பாம்பை அடித்துத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், தூர நின்று போனில் ஒரு படம் எடுத்தால் போதும், வலி இல்லாவிட்டாலும் ஆஸ்பத்திரியில் ஒரு நாள் தங்க வேண்டும் என்றேன். மச்சான் யோசித்துவிட்டு, "அப்ப வாசல்ல வேலை செய்றவங்களுக்கு பூட்ஸ் வாங்கித் தரணும் போல" என்றார். பெரியவர் பெயரை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்கு அது இன்னும் மல் கரவலாதான்.