குவளை இரண்டு! கண் எத்தனை?

சென்ற திங்கள் ஒரு சிற்றூரில் பொதுக்கூட்டம். ஊரின் பெயர் வேண்டாம். ஓர் ஊருக்கு மட்டும் உரிய நோயைப் பற்றி நாம் எழுதவில்லை. சமத்துவம் என்பது தலைப்பு. ஒன்றரை மணி நேரம் பேசினோம். கை தட்டினார்கள், துண்டு போர்த்தினார்கள், மேடையை விட்டு இறங்கினோம். தொண்டை வறண்டிருந்தது. கிளைச் செயலாளரின் வீட்டிலிருந்து தேநீர் வந்தது. பளபளக்கும் எவர்சில்வர் குவளையில் ஆவி பறக்கும் தேநீர்! பேசிக்கொண்டே குடித்தோம். குடித்துக்கொண்டே சிரித்தோம்.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த இளைஞர்கள் நால்வர். அவர்களுக்கும் தேநீர் வந்தது. காகிதக் குவளையில் வந்தது.

நாம் கவனிக்கவில்லை.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டிய பிறகு ஓட்டுநர்த் தோழர் கேட்டார்: "ஏண்ணே, அந்தப் பசங்களுக்கு மட்டும் எதுக்குப் பேப்பர் கப்பு? தட்டுல இன்னும் ஆறு டம்ளர் சும்மாதானே இருந்துச்சு?"

சுருக்கென்றது! அந்த நால்வரும் எந்தத் தெருப் பிள்ளைகள் என்று அவர் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் பிறந்தவனுக்கு அந்தக் கணக்கை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்றரை மணி நேரம் சமத்துவம் முழங்கிய நமக்குத் தெரியாதது, வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டு நின்றவருக்குத் தெரிந்திருக்கிறது. மேடை உயரமானது, தோழர்களே! உயரத்திலிருந்து பார்த்தால் தலைகள் தெரிகின்றன. கைகளில் இருக்கும் குவளை தெரிவதில்லை!

ஒரு காலம் இருந்தது. அன்று அநீதி பலகை மாட்டிக்கொண்டு நின்றது. ரயில் நிலையத்து உணவு விடுதியிலே பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம்! எழுதப் படிக்கத் தெரிந்தவன் எவனும் அதைப் படிக்கலாம், படித்துப் பதறலாம், பதறிப் போராடலாம். போராடினார்கள். 1941இல் அந்தப் பிரிவினை அகன்றது. 1957இல் திருவல்லிக்கேணியில் ஓர் ஓட்டலின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற ஒரு சொல்லை எதிர்த்துப் பெரியார் மறியல் தொடங்கினார். நாள்தோறும் தொண்டர்கள் சென்றார்கள், சிறை புகுந்தார்கள். மாதக்கணக்கில் நீண்ட அந்தப் போராட்டத்தின் முடிவில் அந்தச் சொல் நீங்கியது.

பலகை போய்விட்டது. பழக்கம் போயிற்றா?

அரசமைப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்துவிட்டதாகச் சொல்கிறது. அதை நிறைவேற்ற 1955இல் ஒரு சட்டம். அதற்கு 1976இல் புதிய பெயர், கூடுதல் பல். பிறகு 1989இல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். சட்டத்துக்குப் பஞ்சமில்லை! ஆனால் 2022ஆம் ஆண்டு டிசம்பரில் என்ன நடந்தது? புதுக்கோட்டை மாவட்டத்து வேங்கைவயலில், தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்த கொடுமையைக் கேட்டு நாடே பதைத்தது. விசாரிக்க மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் நேரில் சென்றார்கள். சென்ற இடத்தில் வேறொன்றையும் கண்டார்கள். அப்பகுதித் தேநீர்க் கடையில் இரட்டைக் குவளை! கோயிலுக்குள் நுழையத் தடை!

எண்ணிப் பாருங்கள். அந்தக் கடைக்கு அதற்கு முன் யாருமே போகவில்லையா? தபால்காரர் போயிருப்பார், ஆசிரியர் போயிருப்பார், வாக்குக் கேட்டு எல்லாக் கட்சிக்காரரும் போயிருப்பார்கள். தேநீர் குடித்திருப்பார்கள். குவளையைப் பார்த்திருப்பார்கள். பார்த்தவர் பலர், கவனித்தவர் எவர்? தொட்டியில் மலம் விழுந்த பிறகல்லவா குவளை கண்ணுக்குப் பட்டது!

இன்று பலகை கிடையாது. கண்ணாடிக் குவளை ஒருவருக்கு, காகிதக் குவளை இன்னொருவருக்கு. கேட்டால், "சுகாதாரம்" என்பார்கள்! சுகாதாரம் என்றால் எல்லாருக்கும் காகிதம் கொடேன்! வீடு வாடகைக்குக் கேட்டால், "சைவமா?" என்பார்கள். கேட்பது உணவைப் பற்றியா, பிறப்பைப் பற்றியா? "சொந்த ஊர் எது? ஊரிலே எந்தப் பக்கம்?" என்பார்கள். அந்தக் கேள்வி திசையை அறியவா? தெருவை அறியத்தானே! பழைய விஷம்தான், புதிய குப்பி.

குவளை கிடக்கட்டும். காலையில் அந்தத் தேநீரோடு சேர்த்துப் புரட்டுகிறோமே பத்திரிகை, அதைப் பார்ப்போம்.

மணமகள் தேவை, மணமகன் தேவை என்று ஞாயிற்றுக்கிழமை ஏட்டிலே பக்கம் பக்கமாக வருகிறது. முதல் சொல் என்ன? சாதி! அடுத்த சொல்? உட்சாதி! அதற்கடுத்து, "சிவந்த நிறம்." சாதி தடையில்லை என்று ஒருவர் தாராளமாக எழுதுகிறார், எழுதிவிட்டு, அடைப்புக்குறிக்குள் தாழ்த்தப்பட்டோர் நீங்கலாக என்கிறார். தடையில்லாத் தடை! என்னே தாராளம்! அதே ஏட்டின் தலையங்கப் பக்கத்தில் சாதி ஒழிப்புக் கட்டுரை இருக்கும். ஒரு பக்கம் ஒழிப்பு, மறுபக்கம் வளர்ப்பு. ஒழிப்புக்கு ஊதியம் கிடையாது. வளர்ப்புக்கு விளம்பரக் கட்டணம் உண்டு!

நிறத்தை விற்றவர்கள் கதை தெரியுமல்லவா? கறுப்பாய் இருந்தால் வேலை கிடைக்காது, வரன் கிடைக்காது என்று பல்லாண்டு விளம்பரம் செய்து, வெயிலில் உழைப்பவன் மகளின் முகத்தையே ஒரு குறையாக்கிக் காசு பார்த்தார்கள். உலகெங்கும் நிறவெறிக்கு எதிராகக் குரல் எழுந்த 2020இல், அந்தக் களிம்பின் பெயரில் இருந்த 'வெண்மை' என்று பொருள்படும் சொல்லை மட்டும் எடுத்துவிட்டார்கள். பெயர் மாறியது, டப்பா கடையில் அப்படியே இருக்கிறது.

செய்திப் பக்கத்துக்கு வாருங்கள். "விஷவாயு தாக்கித் தொழிலாளி பலி!" எத்தனை முறை படித்திருக்கிறோம்? தாக்கியது யார்? வாயு! வாயு தானாகவா வந்து தாக்கியது? சாக்கடைக்குள் அவரை இறக்கியவர் யார்? இறக்கக்கூடாது என்று 2013இல் சட்டம் இருக்கிறதே, அதை மீறியவர் யார்? செய்தியில் அந்த ஆள் இல்லை. வாயுவின் மீது வழக்குப் போட முடியுமா? குற்றவாளியே இல்லாத கொலை! இப்படி மாள்பவர் குடும்பத்துக்குப் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014இல் சொன்னது. 2023இல் 30 லட்சமாக உயர்த்தியது. அந்தச் செய்தியிலே, "குடும்பத்துக்கு இவ்வளவு சேரவேண்டும், சேர்ந்ததா?" என்று ஒரு வரி எழுதினால் என்ன? விதவையான அந்தப் பெண்ணுக்கு அந்த ஒரு வரி, நமது நூறு அனுதாபத்தைவிடப் பெரிதல்லவா?

"இரு பிரிவினரிடையே மோதல்" என்று இன்னொரு தலைப்பு. அடித்தவனும் ஒரு பிரிவு, அடிபட்டவனும் ஒரு பிரிவு! குடிசைக்காரனும் மாடிக்காரனும் தராசில் சமமாக நிற்கிறார்கள். வாழ்க்கையில் கிடைக்காத சமத்துவம், அடிபடும்போது மட்டும் கிடைக்கிறது!

சாதி மாறிக் காதலித்த பிள்ளையை வெட்டினால், அதற்குக் 'கௌரவக் கொலை' என்று பெயர் சூட்டினார்கள். பெற்ற மகளைக் கொல்வதிலே என்ன கௌரவம்? அத்தகைய கொலைகளில் கௌரவம் ஏதுமில்லை என்று 2006இல் உச்சநீதிமன்றமே சொல்ல வேண்டியிருந்தது. 'ஆணவக் கொலை' என்ற சொல் தமிழில் இன்று வேரூன்றியிருக்கிறது என்றால், பழைய சொல்லைக் கவனித்து, "இது தவறு" என்று சொன்னவர்கள் இருந்தார்கள் என்று பொருள். சொல் மாறினால் கத்தி மழுங்குமா என்று கேட்பார்கள். கத்திக்குக் கட்டியிருந்த பட்டுத்துணியாவது அவிழும் அல்லவா!

ஏன் இப்படி எழுதுகிறார்கள்? எழுதுகிறவர்கள் எல்லாரும் கெட்டவர்களா? அப்படிச் சொல்லமாட்டோம். யார் அமர்ந்து எழுதுகிறார்கள் என்று பாருங்கள். 2019இல் வெளியான ஓர் ஆய்விலே இந்தியாவின் ஏடுகள், தொலைக்காட்சிகள், இணைய இதழ்கள் ஆகியவற்றின் தலைமைப் பொறுப்புகளை எண்ணினார்கள். ஆய்வுக்கு எடுத்த 121 பொறுப்புகளில் 106 உயர்சாதியினரிடம்! தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் எத்தனை பேர்? ஒருவர்கூட இல்லை! காகிதக் குவளையைக் கையில் வாங்கியிராதவர்கள் மட்டுமே கூடியிருக்கும் அறையில், குவளை எப்படிச் செய்தியாகும்?

இதை நம் முன்னோர் அன்றே உணர்ந்தார்கள். அதனால்தான் இரட்டைமலை சீனிவாசன் 1893இல் தம் மக்களின் பெயரையே தாங்கி ஓர் ஏடு தொடங்கினார். அயோத்திதாசர் 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' நடத்தினார். அம்பேத்கர் 1920இல் தொடங்கிய ஏட்டுக்கு 'மூக்நாயக்' என்று பெயர். வாய் பேசாதவர்களின் தலைவன் என்று பொருள். 1925இல் 'குடி அரசு' வந்தது. செல்வத்தில் புரண்டா ஏடு நடத்தினார்கள்? பிறர் கண்ணில் படாததைத் தம் மக்கள் கண்ணில் பட வைக்க நடத்தினார்கள்.

கவனிப்பதால் என்ன ஆகிவிடும் என்று கேட்கும் தோழருக்கு ஒன்று சொல்வோம்.

சிறைச்சாலைகளுக்கு விதிப் புத்தகம் உண்டு. வெள்ளையர் காலத்துச் சரக்கு. சமையலுக்கு இன்ன சாதிக் கைதி, கக்கூஸ் கழுவ இன்ன சாதிக் கைதி என்ற கொடுமை சில மாநிலங்களில் அந்தப் புத்தகத்திலேயே அச்சாகிக் கிடந்தது. அதிகாரிகள் படித்தார்கள், வழக்கறிஞர்கள் படித்தார்கள், அமைச்சர்கள் அலமாரியிலே வைத்தார்கள். நாடு விடுதலை பெற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் அது அங்கேயே இருந்தது! சுகன்யா சாந்தா என்ற பெண் செய்தியாளர் அதைக் கவனித்தார். 2020இல் எழுதினார். எழுதியதோடு நில்லாமல் உச்சநீதிமன்றத்தின் படியேறினார். 2024 அக்டோபர் 3ஆம் நாள் தீர்ப்பு வந்தது. சாதி பார்த்து வேலை பிரிக்கும் விதிகள் செல்லாது. கைதிப் பதிவேட்டில் சாதிக் கட்டமே கூடாது. மூன்று மாதத்துக்குள் விதிகளைத் திருத்துங்கள் என்றது நீதிமன்றம். ஒரு கண், ஒரு பேனா!

தமிழ்நாட்டிலேயும் ஒன்று. 'காலனி' என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நகரத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள். சிற்றூரில் வேறு பொருள். "காலனிப் பையன்" என்றால் அது முகவரியா, முத்திரையா? பள்ளிக்கூடத்தில் அந்த முத்திரையைச் சுமந்த பிள்ளைக்குத் தெரியும். அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். நல்லது. ஆவணத்திலிருந்து நீக்க அரசு போதும். நாக்கிலிருந்து நீக்க?

அதற்கு நாம்தான் வேண்டும். ஆகவே பிறரைக் குத்தியது போதும். நம் பக்கம் திரும்புவோம். நம் வீட்டுத் திருமண அழைப்பிதழில் பெயருக்குப் பின்னால் வால் இருக்கிறதா? நம் வீட்டு விழாவில் கணவனை இழந்த அக்காள் மணமேடைக்கு வருகிறாரா, அடுப்படியிலேயே நிற்கிறாரா? நம் மன்றத்தைக் கூட்டுகிறவர் யார், கூட்டத்துக்குத் தலைமை தாங்குகிறவர் யார்? நம் ஏட்டிலேயே, ஆம், நாம் எழுதும் இந்த ஏட்டிலேயே, "மோதல்" என்றும் "வாயு தாக்கியது" என்றும் வந்தால் எங்களுக்கு எழுதுங்கள். அஞ்சலட்டை போதும். திட்டியும் எழுதலாம்.

இனி, அந்த ஊருக்கு வருவோம். மனம் கேட்கவில்லை, மறு வாரம் சென்றோம். கிளைச் செயலாளர் நல்லவர்; இரண்டு முறை சிறை சென்றவர். சொன்னதும் முகம் சுண்டிவிட்டது. "வேணும்னு செய்யலண்ணே. எங்க அம்மா காலத்துல இருந்து அப்படியே குடுத்துப் பழக்கம். நான் பார்க்கவே இல்லண்ணே" என்றார். நம்பினோம். நாமும் பார்க்கவில்லையே! அவரைக் கண்டிக்க நமக்கு என்ன தகுதி?

அவரே எழுந்து போய் அந்த நால்வரையும் அழைத்து வந்தார். திண்ணையில் எல்லாரும் அமர்ந்தோம். அவருடைய தாயார் ஒரே தட்டில் ஒரே மாதிரிக் குவளைகளைக் கொண்டுவந்து வைத்தார். முதியவரின் கை சற்று நடுங்கியது, ஆனாலும் வைத்தார். குடித்தோம்.

நால்வரில் மூத்தவன், இருபது வயது இருக்கும், காலிக் குவளையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "இங்க சரிண்ணே. நாளைக்கு நீங்க போன பிறகு, முக்குக் கடையில?"

விடை சொல்ல முடியவில்லை. ஒன்றரை மணி நேரம் பேசத் தெரிந்த நமக்கு, அந்த ஒரு கேள்விக்கு விடை சொல்ல முடியவில்லை!

விடை நம் மேடையில் இல்லை, தோழர்களே. முக்குக் கடையில் இருக்கிறது. நாளைக் காலை வேலைக்குப் போகுமுன் அங்கே தேநீர் குடிக்க நிற்கப்போகிறவர்கள் நீங்கள். உங்கள் கையில் இருக்கும் குவளையைப் பார்த்தது போதும். பக்கத்தில் நிற்பவன் கையைப் பாருங்கள். வேறாக இருந்தால், கடைக்காரரிடம் உரக்கக் கேளுங்கள்:

"ஏன்?"