எஞ்சின் நம்பர் மாறினால் எல்லை திறக்காது

இந்தியப் பதிவெண் கொண்ட டீசல் ஜீப் ஒன்று கப்பலில் துபாய் போய் இறங்கி, ஈரான், துருக்கி வழியாக லண்டனுக்குப் புறப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஈரானில் எஞ்சின் படுத்துவிடுகிறது. பழையதைப் பிரித்துச் சரிசெய்ய இரண்டு வாரம், வேறு எஞ்சின் மாட்ட இரண்டே நாள் என்கிறார் மெக்கானிக். அவசரத்தில் இருப்பவர் இரண்டாவதற்குத்தான் தலையாட்டுவார். வண்டி ஓடும். துருக்கி எல்லையில் நிற்கும்.

காரணம், கார்நெட். வண்டிக்கான பாஸ்போர்ட் என்று பயணிகள் சொல்லும் இந்தச் சுங்க ஆவணத்தை மும்பையிலுள்ள வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் வழங்குகிறது, ஆயுள் ஓராண்டு. இறக்குமதி வரி கட்டாமல் நுழையும் வண்டி, அதே வண்டியாக வெளியேறும் என்பதற்கான உறுதி அது. அதில் சேஸிஸ் நம்பரோடு எஞ்சின் நம்பரும் இருக்கிறது. பானெட்டைத் திறந்து பார்க்கும் அதிகாரிக்கு நம்பர் பொருந்தாவிட்டால் சந்தேகம் வரும். சிக்கல் முற்றினால், கார்நெட்டுக்காக ஊரில் கட்டிய பிணைத்தொகைக்கே ஆபத்து.

எனவே எஞ்சினில் கைவைக்கும் முன் உள்ளூர்ச் சுங்க அலுவலகத்துக்கும் கார்நெட் கொடுத்த சங்கத்துக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். ஒர்க்‌ஷாப் பில்லில் பழைய எண்ணும் புதிய எண்ணும் இருக்கட்டும். ஊர் திரும்பியதும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆர்.சி.யிலும் மாற்றம் பதிவாக வேண்டும்.

வண்டி ஒர்க்‌ஷாப்பில் கிடக்கும் நாட்களிலும் அனுமதிக் காலம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். நீட்டிப்பு வேண்டுமானால் கெடு முடியும் முன்பே கேட்டுவிட வேண்டும். துருக்கியில் இன்னொரு சிக்கலும் உண்டு. வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட்டு உரிமையாளர் மட்டும் விமானம் ஏறிவிட முடியாது. முதலில் சுங்கத்திடம் உரிய நடைமுறையை முடிக்க வேண்டும்.

பயணிக்குச் சாதகமான விதிகளும் உண்டு. தற்காலிகமாகக் கொண்டுவரப்படும் தனியார் வாகனங்கள் குறித்த 1954 நியூயார்க் உடன்படிக்கையின்படி, உறுப்பு நாடுகளில் அப்படி நுழைந்த வண்டியைப் பழுதுபார்க்க வரும் உதிரி பாகங்களுக்கு இறக்குமதி வரி கிடையாது. ஆனால் கழற்றிய பழைய பாகத்தைத் திரும்ப எடுத்துப் போக வேண்டும். இல்லையேல் சுங்க விதிப்படி ஒப்படைக்கவோ அழிக்கவோ வேண்டும். உடைந்த கியர்பாக்ஸைக் காயலான் கடையில் போட்டுவிட்டால் வரி கேட்பார்கள்.

விபத்தில் வண்டி அப்பளமாகிவிட்டாலோ, அந்த விபத்து முறைப்படி உறுதிசெய்யப்பட்டிருந்தால், அதைத் திரும்ப எடுத்துப்போகும் கட்டாயம் இல்லை. வரியைக் கட்டலாம், அரசிடம் ஒப்படைக்கலாம், அதிகாரிகள் முன்னிலையில் அழிக்கலாம். ரோட்டோரம் விட்டுவிட்டு வருவது மட்டும் கூடாது.

பில் தகராறுக்கு அந்தந்த நாட்டுச் சட்டம்தான். பிரிட்டனின் 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி வேலை நியாயமான கவனத்தோடும் திறனோடும் நடந்திருக்க வேண்டும். முன்கூட்டியே பேசாத கூலியும் நியாயமானதாக இருக்க வேண்டும். சரியில்லையென்றால் மறுபடி செய்துதரச் சொல்லலாம், விலையைக் குறைக்கக் கேட்கலாம். ஆனால் பணம் வரும்வரை வண்டியைப் பிடித்துவைக்கும் உரிமை ஒர்க்‌ஷாப்புக்கும் உண்டு. விசா நாள் தீரப்போகிறவர், 'ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்' என்று பில்லில் எழுதிவிட்டு, கார்டில் கட்டி வண்டியை எடுப்பது நல்லது; பிறகு வங்கி மூலம் முறையிட வழியிருக்கும். ஈரானில் விசா, மாஸ்டர்கார்டு செல்லாது. அங்கே ரொக்கம்தான், கையெழுத்திட்ட மதிப்பீடு இல்லாமல் முன்பணம் தரக்கூடாது.

இந்திய மோட்டார் பாலிசியைக் கூடுதல் பிரீமியத்தில் நேபாளம், பூடான், வங்கதேசம், பாகிஸ்தான், இலங்கை, மாலத்தீவு வரை நீட்டிக்கலாம். அதைத் தாண்டினால் அங்கங்கே எடுக்க வேண்டியதுதான். ஐரோப்பாவின் கிரீன் கார்டு மற்றவருக்கு நேரும் சேதத்துக்கு மட்டுமே. சொந்த வண்டி ரிப்பேருக்குச் சல்லிக்காசு தராது.

டீசலும் காலை வாரும். பி.எஸ்.6 எஞ்சினுக்கு உரிய டீசலில் கந்தகம் 10 பி.பி.எம்.தான். கந்தகம் மிகுந்த டீசலைத் தொடர்ந்து ஊற்றினால் புகைவடிகட்டி அடைத்துக்கொள்ளும். பழுதுக் குறியீட்டைப் படிக்கும் சிறு ஸ்கேனரும், டீசல் ஃபில்டர்களும், பெல்ட்டும் புறப்படும்போதே டிக்கியில் இருக்க வேண்டும்.

ஊர் திரும்பிய பிறகும் பில்களைத் தூக்கி எறியக் கூடாது. கார்நெட் காலாவதியாகி ஓராண்டுக்குள் வெளிநாட்டுச் சுங்கம் கேள்வி எழுப்பலாம். ஆதாரம் காட்டச் சங்கத்துக்கு மேலும் ஓராண்டு அவகாசம் உண்டு. ஏதோ ஓர் எல்லையில் வெளியேறும் முத்திரை விடுபட்டிருந்தால், வண்டி இந்தியாவில்தான் நிற்கிறது என்று இங்குள்ள சுங்கத்திடம் சான்று வாங்கி அனுப்ப வேண்டும். கணக்கு முடிந்தால்தான் பிணைத்தொகை திரும்பும்.