இன்வெர்ட்டரா, ஜெனரேட்டரா?



சம்பா நாற்றங்கால் பார்ப்பதற்காக முத்தாபுதுப்பேட்டைக்குப் போயிருந்தேன். நாற்றைப் பார்த்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் வீட்டுக்காரர் ஒரு கேள்வி போட்டார். "சார், மழைக்காலம் வருது. இன்வெர்ட்டர் வாங்கட்டுமா, ஜெனரேட்டர் வாங்கட்டுமா, இல்ல மாடியில சோலார் போட்டுடட்டுமா?" பயிருக்கு மருந்து சொல்கிறவன் கரண்டுக்கு வைத்தியம் சொல்லலாமா என்று முதலில் தயங்கினேன். ஆனால் அவர் வீட்டில் இரண்டு கறவை மாடுகள். இன்சுலின் போட்டுக் கொள்ளும் வயதான தாயார் வேறு. விளையாட்டாகக் கேட்ட கேள்வி அல்ல அது.

"எதை ஓட்ட வேண்டும், எத்தனை மணி நேரம் ஓட்ட வேண்டும், அதைச் சொல்லுங்கள்" என்றேன். "வர்தா மாதிரி வந்தா சமாளிக்கணும் சார்" என்றார்.

2016 டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையை ஒட்டிக் கரை கடந்ததை ஆவடி, அம்பத்தூர் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். மரமும் மின்கம்பமும் ஆயிரக்கணக்கில் சாய்ந்தன. பல இடங்களில் நாட்கணக்கில் கரண்டு இல்லை. பழைய 500, 1000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவித்து ஒரு மாதந்தான் ஆகியிருந்தது. கையில் பணமில்லை, ஏ.டி.எம். ஓடக் கரண்டும் இல்லை!

இரண்டு மணி நேர மின்வெட்டு வேறு, நாலு நாள் இருட்டு வேறு. இதைப் பிரித்துப் பார்க்காமல் கடைக்குப் போனால் கடைக்காரர் சொல்வதுதான் கணக்கு.

அந்தக் கணக்கைத்தான் கொஞ்சம் பார்ப்போம். 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் பெருக்கி 1800 வாட்-மணி என்பார்கள். உங்கள் வீட்டில் 9 வாட் எல்.இ.டி. பல்பு நாலு, 75 வாட் ஃபேன் இரண்டு, செல்போன் சார்ஜர் எல்லாம் சேர்த்து 200 வாட். வகுத்தால் 9 மணி நேரம். ஆனால் 150 என்ற எண், 20 மணி நேரத்தில் மெதுவாக, அதாவது ஏழரை ஆம்பியராக எடுத்தால்தான் கிடைக்கும். நாம் இழுப்பதோ இன்வெர்ட்டரின் சொந்தச் செலவோடு 20 ஆம்பியரை நெருங்கும். வேகமாகக் கறந்தால் பேட்டரியும் குறைவாகத்தான் கொடுக்கும். அதோடு, ஈயப் பேட்டரியை அடிக்கடி ஒட்டக் காலி செய்தால் அதன் ஆயுசு போச்சு. பாதியோடு நிறுத்துவது நல்லது. ஆக, மூன்று நாலு மணி நேரம். அதற்கு மேல் நம்ப வேண்டாம்.

இன்னொரு பேட்டரி வாங்கலாமே என்பீர்கள். அதற்கு முன் ஃபேனை மாற்றிப் பாருங்கள். இப்போது வரும் பி.எல்.டி.சி. ஃபேன் முழு வேகத்திலும் 30 வாட் அளவில்தான் எடுக்கும். 200 வாட் 110 ஆகிவிடும். அதே பேட்டரி ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் வரும். பேட்டரியைக் காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வரும். பூஜை அறைக்குப் பக்கத்தில் கூடவே கூடாது. டிஸ்டில்டு வாட்டர் அளவையும் அவ்வப்போது பாருங்கள்.

அடுத்தது தண்ணீர் மோட்டார். அரைக் குதிரைச் சக்தி மோட்டார்கூடக் கிளம்பும்போது ஓடுகிற கரண்டைப் போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டர் உடனே மடங்கிவிடும். மோட்டாருக்காகப் பெரிய இன்வெர்ட்டர் வாங்குவதை விட ஒரு 1000 லிட்டர் தொட்டி கூடுதலாக வைத்து, புயல் எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிவிடுங்கள். மேலே ஏற்றி வைத்த தண்ணீரும் சேமித்த மின்சாரம்தான். அதற்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்ற வேண்டியதில்லை! மாடு இரண்டு இருக்கிற வீட்டில் வெளிச்சத்தை விடத் தண்ணீர்தான் முதலில் தட்டுப்படும்.

மாடிச் சோலாரைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவியிருக்கிறது. 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் வரை மானியம் உண்டு. மின்கட்டணம் குறையும், நல்ல திட்டம். ஆனால் மின்வாரிய லைனோடு மட்டும் இணைந்த சோலார், லைன் போனால் தானும் நின்றுவிடும். பட்டப்பகல் வெயிலிலும் வீடு இருட்டு! கம்பத்தில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. மின்வெட்டிலும் ஓட வேண்டுமானால் பேட்டரியோடு கூடிய ஹைபிரிட் இன்வெர்ட்டர் வேண்டும். புயல் மேகத்தில் தகடு கொடுப்பது கொஞ்சந்தான் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

நாலு நாள் இருட்டுக்கு ஜெனரேட்டர்தான் கை கொடுக்கும். 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் லிட்டர் நூறு ரூபாயைத் தாண்டிய பிறகு, தொடர்ந்து ஓட்டுவது கட்டுபடியாகாது. காலையில் ஒரு மணி, மாலையில் ஒரு மணி ஓட்டி மோட்டார் போட்டு, இன்வெர்ட்டர் பேட்டரியையும் கொஞ்சம் ஏற்றிக் கொள்ளலாம்.

ஆனால் இரண்டு விஷயத்தில் உயிரே போகும். மழை என்று ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ, வராந்தாவிலோ, மாட்டுக் கொட்டகையிலோ ஓட்டாதீர்கள். அதன் புகையில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. தூங்குகிறவர் எழுந்திருக்க மாட்டார். வெட்டவெளியில், சன்னலுக்குத் தள்ளி வைத்து, தனியாகத் தகரக் கூரை போடுங்கள். இரண்டாவது, ஜெனரேட்டர் ஒயரைச் சுவர் பிளக்கில் செருகுவது. அந்தக் கரண்டு மீட்டர் வழியாகத் திரும்பிப் போய், மின்மாற்றியில் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக ஏறலாம். லைன் செத்திருக்கிறது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியவர் கதி என்ன? உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் வைக்காமல் வீட்டு ஒயரிங்கில் இணைக்கவே கூடாது.

தாயாரின் இன்சுலினுக்காக ஃபிரிட்ஜையே ஓட்ட வேண்டியதில்லை. பெரும்பாலான வகைகள், உபயோகத்தில் இருக்கும்போது, 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் 4 வாரம் வரை தாங்கும். உங்கள் வகைக்கு எத்தனை நாள் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வையுங்கள். ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னச் சட்டி வைத்து, மருந்தை நனையாமல் அதில் வைத்தால் வெயில் நாளிலும் குளிர்ச்சியாக இருக்கும்.

முத்தாபுதுப்பேட்டைக்காரர் இப்போதைக்கு ஃபேன் இரண்டை மாற்றி, ஒரு பேட்டரியோடு இன்வெர்ட்டர் வாங்கியிருக்கிறார். தொட்டி வந்துவிட்டது. ஜெனரேட்டரைத் தம்பி வீட்டோடு சேர்ந்து பொதுவாக வாங்கலாமா என்று பேசிக் கொண்டிருக்கிறார்கள். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் மட்டும் வீட்டுக்கு ஒன்று தனித்தனியாக வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.