மண்பற்றும் இனக்கணக்கும்

மார்ச்சிலும் ஓகஸ்டிலும் கற்பிட்டித் தீபகற்பத்தின் தலவிலவில் புனித அன்னம்மாள் திருவிழா நடக்கிறது. சிங்களவரும் தமிழரும் ஒரே மணலில் கூடாரமடித்துத் தங்கி நேர்த்திக்கடன் செலுத்துகிறார்கள். பூசை இரு மொழிகளிலும் உண்டு. பௌத்தரும் இந்துக்களும்கூட வருகிறார்கள். ஓரிடத்தின் மீது வைக்கும் பற்றுக்கு ஆள்கணக்கு தேவைப்படுவதில்லை. தேசியவாதம் தொடங்குவதே அந்தக் கணக்கிலிருந்துதான்: இந்த மண் யாருடையது, இதில் யார் உரித்தாளர், யார் வந்தேறி? 1956இல் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழியாக்கியவர்கள் தங்களை நாட்டுப்பற்றாளர் என்றே நம்பினார்கள். ஆனால் அந்தச் சட்டத்தால் இலங்கைத் தீவில் பிறந்த தமிழ் பேசுவோர், சொந்த நாட்டின் அரச அலுவலகத்திலேயே அந்நியராக நின்றார்கள்.

அடக்கப்பட்ட இனத்துக்குத் தேசியம்தானே கவசம் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. மொழியுரிமைக்காகத் திரண்ட தமிழர் எழுச்சியைக் குறைசொல்ல முடியாது. ஆனால் கவசம் எப்போது வாளாகிறது என்பதற்கும் இதே கற்பிட்டித் தீபகற்பம் சாட்சி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கின் முஸ்லிம்கள் 70,000இற்கும் மேற்பட்டோரை வெளியேற்றினார்கள். யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு ஒக்டோபர் 30ஆம் திகதி கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். நகையையும் பணத்தையும் பறிகொடுத்து வந்தவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்திலும் கற்பிட்டியிலும் ஓலைக்கொட்டில்களில் தங்கினார்கள். அவர்களும் தமிழ் பேசியவர்கள், தலைமுறைகளாக யாழ்ப்பாணத்து மண்ணில் வாழ்ந்தவர்கள். ஊர்ப்பற்று அவர்களிடம் குறைவாயிருக்கவில்லை. வரையப்பட்ட இனக்கோட்டுக்குள் அவர்கள் அடங்கவில்லை, அவ்வளவுதான்.

ஊர்ப்பற்றும் பிறரை ஒதுக்காதா என்பது அடுத்த வாதம். ஒதுக்கும். புத்தளத்து மக்கள் முதலில் மனமுவந்து இடம் கொடுத்தார்கள். வருடங்கள் போக, தண்ணீர், காணி, கூலிவேலை என்று உரசல்கள் எழவே செய்தன. ஆனாலும் அவை பேசித் தீர்க்கக்கூடிய பங்கீட்டுச் சச்சரவுகள். பிறப்பையே குற்றமாக்கும் கட்டளைக்கு அப்படியொரு தீர்வு கிடையாது. 2009இல் போர் முடிந்த பிறகும் வடக்குக்குத் திரும்ப விரும்பிய முஸ்லிம் குடும்பங்கள் வீடும் காணியுமின்றித் தவித்தன. தமிழ் மண்ணை நேசிப்பதாகச் சொல்லும் ஒவ்வொருவரும் அவர்களுடைய மீள்குடியேற்றத்துக்காக முதலில் குரல்கொடுக்க வேண்டும்.