மனிதன் ஆக்கிய மண்

மண்ணை இயற்கையின் கொடை என்பது மரபு. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரையோரங்களிலோ மனிதன் ஆக்கிய மண்ணும் உண்டு. கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி. இடையே ஒடுங்கிய மணற்பரப்பில் நெருங்கி வாழும் மக்கள், தாழ்நிலங்களை மணலும் கிரவலும் இட்டு நிரப்பியும் மனை கண்டனர். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கரையோர இல்லங்களைத் தகர்த்தது. செங்கல்லும் சாந்தும் ஓடும் மணலோடு கலந்தன.

இத்தகைய மண்ணையும் அறிஞர் வகைப்படுத்தியுள்ளனர். 2006இல் வெளிவந்த உலக மண்வகைப்பாட்டில் ‘டெக்னோசோல்’ தனியினமாய் இடம்பெற்றது. மேல் ஒரு மீற்றருள் கனவளவில் நூற்றுக்கு 20 பங்கேனும் மனிதன் செய்த பொருள்கள் இருத்தல் அதன் இலக்கணங்களுள் ஒன்று.

மணல் நீரைத் தாங்காது. சாந்தின் சுண்ணாம்பு காரத்தன்மையை மிகுவிக்கும். இரும்புச்சத்து வேருக்கு எட்டாமையால் இளந்தளிர் மஞ்சளிக்கும். தழையும் சாணமும் ஆண்டுதோறும் இட்டுவரின் நிலம் திருந்தும். ஆயினும், பள்ளத்தை நிரப்புவதால் மாரிவெள்ளம் மறைந்துவிடாது. அயலவர் முற்றத்தைத் தேடிச் செல்லும். நிரப்புமுன் நீரின் வழியை எண்ணுதல் கடன்.

மாணவர் தம் வளவில் இரண்டடி தோண்டிப் பார்க்கட்டும். அங்கே கிடைக்கும் ஓட்டுத்துண்டு, ஒருகால் ஒரு குடும்பத்துக்கு நிழல் தந்த கூரையாய் இருந்திருக்கலாம்.