சிங்கப்பூரா? திருப்பூரா?

கடலை நம்பி ஓர் ஊர். ஊசியை நம்பி ஓர் ஊர்!

சனிக்கிழமை இரவு. திருப்பூரில் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் கொடுக்கும் நாள்.

ஒரு குடும்பத்தை மனத்தில் நினைத்துக் கொள்ளுங்கள். கணவன் டெய்லர். மனைவிக்குச் செக்கிங் வேலை. தாராபுரம் பக்கத்திலிருந்து வந்து, லைன் வீட்டில் குடியிருக்கிறார்கள். மகன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடுகிறான்.

சோற்றைப் பரிமாறிக்கொண்டே மனைவி கேட்கிறாள்:

"ஏனுங்க, அடுத்த லைன் பையன் சிங்கப்பூர் போறானுங்களாமா. நம்ம பையனையும் அனுப்பிப் போடலாமுங்களா?"

கணவன் உடனே பதில் சொல்லவில்லை. "இரு புள்ள, யோசிச்சுச் சொல்றேன்" என்கிறான்.

அவன் யோசிக்கட்டும். நாமும் சேர்ந்து யோசிப்போம். சிங்கப்பூர் எப்படிப்பட்ட ஊர்? திருப்பூர் எப்படிப்பட்ட ஊர்? ஒன்றிடமிருந்து மற்றொன்று கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது?

ஊரே ஒரு நாடு!

சிங்கப்பூர் ஓர் ஊர்தான். ஆனால் அந்த ஊரே ஒரு தனி நாடு! சென்னை மாநகராட்சியைப் போல் இரண்டு மடங்குகூட இல்லாத சிறிய தீவு. அதில் ஏறத்தாழ 60 லட்சம் பேர் வாழ்கிறார்கள்.

1965ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ந் தேதி அது மலேசியாவிலிருந்து பிரிந்து தனி நாடாயிற்று. வயல் கிடையாது. சுரங்கம் கிடையாது. குடிக்கும் தண்ணீரில் ஒரு பகுதியைக்கூட மலேசியாவின் ஜொகூரிலிருந்து குழாய் வழியே வாங்க வேண்டிய நிலை. இருந்தது ஒரு நல்ல துறைமுகமும் மக்களின் உழைப்பும்தான்.

திருப்பூரின் கதையும் கிட்டத்தட்ட அதுதான். மழை குறைந்த பூமி அது. பருத்தி உண்டு; உழைக்கிற கை உண்டு. 1925ஆம் ஆண்டில் குலாம் காதர் என்பவர் இங்கே பனியன் பின்னும் ஆலையைத் தொடங்கினார். அது ஒன்று பத்தாகி, பத்து நூறாயிற்று. நிலத்தை உழுத குடியானவர்கள் கம்பெனிக்குத் தொழிலாளிகளாக வந்தார்கள். அவர்களில் பலர் பிறகு நாலு மிஷின் வாங்கிப்போட்டு முதலாளிகளும் ஆனார்கள்.

1978ஆம் ஆண்டில் இத்தாலி நாட்டு வியாபாரி ஒருவர் பம்பாய் வழியாகத் திருப்பூருக்கு வந்தார். வெள்ளை பனியன்கள் வேண்டும் என்றார். அன்று திறந்தது வெளிநாட்டுக் கதவு! 1985ல் ஏற்றுமதி சுமார் 15 கோடி ரூபாய். 2024-25ஆம் ஆண்டில் அது 40,000 கோடியை நெருங்கியது. இந்தியாவின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இந்த ஓர் ஊரிலிருந்து போகிறது. 'டாலர் சிட்டி' என்ற பட்டப்பெயர் சும்மா வரவில்லை.

ஒரு பனியன், பல கைகள்

கடையில் நாம் வாங்கும் ஒரு பனியன் எத்தனை கைகள் பட்டு வருகிறது தெரியுமா?

நூல் மில்லிலிருந்து வருகிறது. நிட்டிங் மிஷின் அதைக் குழாய் போன்ற துணியாகப் பின்னுகிறது. துணி சாயப்பட்டறைக்குப் போகிறது. சாயம் ஏறித் திரும்பியதும் கட்டிங் மாஸ்டர் வெட்டுகிறார். ஓவர்லாக் மிஷினில் டெய்லர் தைக்கிறார். அவர் பக்கத்தில் துணியை எடுத்தும் மடித்தும் கொடுக்கிறவருக்குக் 'கைமடி' என்று பெயர். பிறகு பிசிறு வெட்டுதல், செக்கிங், அயர்ன், பேக்கிங். கடைசியில் லாரி ஏறித் தூத்துக்குடித் துறைமுகம்!

இந்த வேலைகள் எல்லாம் ஒரே கூரையின் கீழ் நடப்பதில்லை. நிட்டிங் ஒரு தெருவில், சாயம் ஒரு தெருவில், தையல் ஒரு தெருவில். ஊரே ஒரு தொழிற்சாலை! வேலை அவசரம் என்றால் ஒரு ஷிப்டு ஒன்றரை ஷிப்டாகும். காலை எட்டரைக்கு உள்ளே போனவர் வெளியே வர இரவு எட்டரை ஆகும்.

சிங்கப்பூரும் சட்டை தைத்தது!

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. சிங்கப்பூரும் ஒரு காலத்தில் சட்டை தைத்து விற்ற ஊர்தான். 1960களில் ஜூரோங் என்ற சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்பேட்டை அமைத்தார்கள். அந்தக் காலத்தில் ஆயிரக்கணக்கான பெண்கள் அந்நாட்டுத் துணி ஆலைகளில் வேலை செய்தார்கள்.

பிறகு என்ன நடந்தது? 1979ல் அந்த அரசாங்கம் ஒரு துணிச்சலான காரியம் செய்தது. கூலியை வேண்டுமென்றே உயர்த்தியது. குறைந்த கூலியை நம்பி நடக்கும் தொழில் நிலைக்காது என்பது அவர்கள் கணக்கு. கூடவே தொழிலாளருக்குப் புதிய வேலைகளைக் கற்றுக்கொடுத்தார்கள். தைத்தவர்களின் பிள்ளைகள் மின்னணுச் சாமான்களைச் செய்தார்கள், பாங்கிகளில் உட்கார்ந்தார்கள்.

திருப்பூரில் கூலி உயர்வு வேறு விதமாக வந்தது. 1984ல் பஞ்சப்படி கேட்டுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, 127 நாள்! எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரியவில்லை. அந்தப் போராட்டத்தை முதியவர்கள் இன்றும் மறக்கவில்லை.

குடியிருக்க ஒரு வீடு

இனி வீட்டுக்கு வருவோம்.

சிங்கப்பூரில் 1960ஆம் ஆண்டு வீட்டு வசதி வாரியம் ஏற்பட்டது. அப்போது ஏழைகள் ஓலைக் குடிசைகளிலும் நெருக்கடியான கடைவீடுகளிலும் இருந்தார்கள். 1961ல் புக்கிட் ஹோ சுவீ என்ற இடத்தில் பெரும் தீ. சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். வாரியம் மளமளவென்று மாடி வீடுகள் கட்டியது. முதல் ஐந்து ஆண்டுகளில் 50,000 வீடுகளுக்கு மேல்! இன்று அந்நாட்டில் நிலையாகக் குடியிருக்கும் 10 பேரில் ஏறக்குறைய 8 பேர் அரசாங்கம் கட்டிய வீட்டில்தான் இருக்கிறார்கள். அவற்றில் பெரும்பாலானவை சொந்த வீடுகள்.

பணம் எங்கிருந்து வந்தது? சேமநிதி! 55 வயது வரை உள்ளவர் 100 டாலர் சம்பளம் வாங்கினால், அவர் கணக்கில் அவர் பங்காக 20 டாலரும் முதலாளி பங்காக 17 டாலரும் சேருகிறது. 1968 முதல் அந்தப் பணத்தைக் கொண்டே வீடு வாங்கலாம் என்று அனுமதித்தார்கள்.

திருப்பூரின் லைன் வீட்டைப் பார்த்தவர்களுக்கு இந்த வேற்றுமை விளங்கும். வரிசையாக அறைகள். ஓர் அறைதான் சமையலறை, படுக்கையறை, படிப்பறை எல்லாம். பொதுக் குழாய், பொதுக் கழிப்பிடம். இந்திய நாட்டிலும் சேமநிதி உண்டு, இ.எஸ்.ஐ. மருத்துவ வசதியும் உண்டு. ஆனால் கம்பெனி மாறி மாறிப் பீஸ் ரேட்டில் வேலை செய்யும் பலர் அந்தக் கணக்குக்கு வெளியேதான் நிற்கிறார்கள். கையில் வரும் கூலி சற்று அதிகமாகத் தெரியும். முதுமை வரும்போதுதான் வெறுங்கை தெரியும்!

இரண்டு ஆறுகள்

சிங்கப்பூர் ஆறு ஒரு காலத்தில் சாக்கடை. பன்றிப் பண்ணைகளின் கழிவும் தெருக்கடைக் குப்பையும் அதில்தான் சேர்ந்தன. 1977ல் பிரதம மந்திரி லீ குவான் யூ, பத்து ஆண்டில் அதைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். பண்ணைகள் அகற்றப்பட்டன. தெருக்கடைக்காரர்களுக்கு வேறு இடத்தில் கடைகள் கட்டிக் கொடுத்தார்கள். 1987ல் வேலை முடிந்தது. இன்று அந்த ஆற்று முகத்தில் அணை கட்டி, நல்ல நீரைத் தேக்குகிறார்கள்.

நமது நொய்யலுக்கு என்ன ஆயிற்று? வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் கடந்து காவிரியில் சேரும் ஆறு அது. சாயப்பட்டறைக் கழிவு அதன் நிறத்தையே மாற்றியது. பாசனத்துக்காகக் கட்டிய ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி நின்றது. கீழே இருந்த விவசாயிகளின் கிணறுகள் கெட்டன. நிலம் உப்பாயிற்று. பனியனால் ஒரு குடும்பம் வாழ, அதே பனியனால் இன்னொரு குடும்பம் வாடியது!

விவசாயிகள் கோர்ட்டுக்குப் போனார்கள். 2011ஆம் ஆண்டு ஜனவரி 28ந் தேதி சென்னை ஐகோர்ட்டு சாயப்பட்டறைகளை மூடும்படி உத்தரவிட்டது. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. ஊர் தவித்தது. சொட்டுக் கழிவும் ஆற்றில் விடக்கூடாது என்ற நிபந்தனையின் பேரில்தான் பட்டறைகள் படிப்படியாகத் திறந்தன. சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்து, பெரும் பகுதியை மீண்டும் உபயோகிக்கும் முறை வந்தது. இதற்குச் செலவு அதிகம். ஆனால் உலகச் சந்தையில் இன்று அதுவே திருப்பூருக்கு ஒரு பெருமை!

சிங்கப்பூர் முன்கூட்டியே செய்ததைத் திருப்பூர் கோர்ட்டு சொன்ன பிறகு செய்தது. வித்தியாசம் அவ்வளவுதான். அந்த வித்தியாசத்துக்கு விலை கொடுத்தவர்கள் நொய்யல் கரை விவசாயிகள்.

வந்தாரை வாழவைக்கும் ஊர்

இரண்டு ஊர்களும் வெளியூர்க்காரர்களின் உழைப்பால் நிற்பவை.

சிங்கப்பூரில் சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் ஒன்றாக வாழ்கிறார்கள். ஆட்சிமொழிகள் நான்கில் தமிழும் ஒன்று. 1964ல் அங்கே இனக்கலவரமும் நடந்தது. அந்தப் பாடத்தை அவர்கள் மறக்கவில்லை. ஒரே இனத்தார் ஒரே கட்டடத்தில் கூடிவிடாமல் கலந்து குடியிருக்கும்படி 1989 முதல் விதி வைத்திருக்கிறார்கள்.

திருப்பூருக்கு முதலில் மதுரை, தேனி, நெல்லைப் பக்கத்து ஏழைகள் வந்தார்கள். பிறகு பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் இளைஞர்கள் வந்தார்கள். 2023 மார்ச்சில் ஒரு விபரீதம் நடந்தது. வடநாட்டுத் தொழிலாளரைத் தாக்குகிறார்கள் என்று பொய்ப் படங்கள் செல்போன்களில் பரவின. பயந்து பலர் ரெயில் ஏறினார்கள். செய்தி பொய் என்று அரசாங்கம் அறிவித்தது. பீகாரிலிருந்து அதிகாரிகள் நேரில் வந்து பார்த்தார்கள். பிறகே பீதி அடங்கியது. ஒரு பொய் ஓர் ஊரின் மிஷின்களையே நிறுத்திவிடும்!

சிங்கப்பூரிலும் எல்லாம் பாலும் தேனும் அல்ல. வீடும் சேமநிதியும் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும்தான். கட்டட வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பையன்களுக்கு அவை இல்லை. ஓர் அறையில் பலர் தங்கும் விடுதிதான் அவர்களுக்கு. 2020ல் கொரோனா வந்தபோது அந்த விடுதிகளில்தான் நோய் அதிகமாகப் பரவியது. அங்கே விடுதி, இங்கே லைன் வீடு!

வெளிநாட்டுக் காற்று

உலகத்தை நம்பி வாழும் ஊருக்கு உலகத்துக் காற்றும் வந்து அடிக்கும். 2022 மே மாதத்தில் நூல் விலை ஏற்றத்தைக் கண்டித்துத் திருப்பூர் இரண்டு நாள் கடையடைப்புச் செய்தது. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு வரியை 50 சதவீதமாக உயர்த்தியது. திருப்பூர்ச் சரக்கில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு அமெரிக்காவுக்குப் போய்க்கொண்டிருந்த சமயம் அது. வாஷிங்டனில் ஒருவர் கையெழுத்துப் போட்டார்; இங்கே ஒன்றரை ஷிப்டு ஒரு ஷிப்டாகக் குறையுமோ என்று வீடுகள் கலங்கின.

அதனால்தான் ஒரே நாட்டை நம்பக்கூடாது. ஒரே வேலையையும் நம்பக்கூடாது. சிங்கப்பூர் கற்றுத் தரும் பெரிய பாடம் இதுவே.

பையன் எங்கே போகலாம்?

கணவன் இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருப்பான். அவனுக்கு நாம் சொல்லக்கூடியவை சில.

சிங்கப்பூர் போவதானால், ஏஜெண்டு மத்திய அரசாங்கத்தில் பதிவு செய்தவரா என்று முதலில் பாருங்கள். பதிவு பெற்ற ஏஜெண்டு, வரி நீங்கலாக 30,000 ரூபாய்க்கு மேல் கட்டணம் வாங்கக்கூடாது என்பது விதி. வட்டிக்கு லட்சக்கணக்கில் வாங்கிக் கொடுத்தால், முதல் வருஷச் சம்பளம் கடனுக்கே போய்விடும். என்ன வேலை, எவ்வளவு சம்பளம் என்று எழுத்தில் வாங்குங்கள்.

திருப்பூரிலேயே இருப்பதானால், பையன் கைமடியாகத் தொடங்கினாலும் கைமடியாகவே நிற்க வேண்டாம். மிஷின் ஓட்டுவது, பாட்டர்ன் போடுவது, கம்ப்யூட்டரில் டிசைன் செய்வது என்று ஒவ்வொரு படியாக ஏறட்டும். சேமநிதிப் பிடித்தம் உள்ள கம்பெனியாகப் பார்த்துச் சேரட்டும்.

மறு சனிக்கிழமை இரவு மனைவி மீண்டும் கேட்பாள். அப்போது கணவன் இப்படிச் சொல்லக்கூடும்:

"எந்த ஊருன்னாலும் பரவாயில்ல புள்ள. கையில ஒரு தொழில், பேர்ல ஒரு கணக்கு. இந்த ரெண்டும் இருந்தாப் போதும்."

சிங்கப்பூரைச் சிங்கப்பூர் ஆக்கியது அந்த இரண்டும்தான். திருப்பூரை உயர்த்தப் போவதும் அவைதான்!